சீட்டுக்கட்டோடு போன தமிழ்

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து இளையவர்கள் மூவர் தொலைபேசியில் அழைத்தனர். மூவரும் ஒரே கருவியைச் சுற்றி நின்றிருந்தனர் என்பது, ஒருவர் பேசும்போது மற்ற இருவர் சிரிப்பை அடக்கிய விதத்திலிருந்து தெரிந்தது.

"மேடம், தமிழ் பேக்கேஜோட பழைய சேஞ்ச்லாக் பாத்துகினு இருந்தோம். உங்க பேர்ல ஒரு வரி கீது. 'சீட்டாட்டத்திற்குத் தமிழ் தேவை என்று இதற்கு முன் நான் எழுதிய காரணம் பொய்.' யாராச்சும் உங்க அக்கவுண்டை ஹேக் பண்ணிட்டாங்களா?"

"இல்லப்பா. நானே எழுதினதுதான்."

அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமாக வந்தது.

அலுவலகம் இப்போது புதிய முறைக்கு மாறுகிறதாம். ஒவ்வொரு செயலியும் தனக்கு வேண்டியவை அனைத்தையும் தன்னுடைய பெட்டிக்குள்ளேயே சுமந்து வந்துவிடும். ஒன்று மற்றொன்றை நம்பி நிற்க வேண்டியதில்லை. அதற்காகப் பழைய மாற்றக் குறிப்புகளைத் துருவியவர்கள் என் வாக்குமூலத்தில் இடறி விழுந்துவிட்டனர். அது என்ன கதை என்று எழுதித் தரும்படி கேட்டனர். வாழ்நாளில் ஒற்றை மெய்யெழுத்துத் தவறினாலும் உறக்கம் கெடும் இயல்புடைய நான், என் பொய்யின் வரலாற்றை இத்தனை மகிழ்ச்சியோடு எழுத அமர்வேன் என்று எதிர்பார்க்கவில்லை.

சித்தூருக்குத் தெற்கே, தமிழ் பேசும் ஓர் எல்லைச் சிற்றூரில் பிறந்தவள் நான். நைனா பிறர் நிலத்தில் உழைத்தார். பிற்காலத்தில் சிறிது சொந்த நிலமும் வாங்கினார். பள்ளியில் தமிழ், கல்லூரியில் கணிதம், அதன் பின் திருப்பதியில் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலாண்டில் மூன்று முறை அலுவலகக் கணினியையே செயலிழக்கச் செய்தேன். நான்காம் முறை நானே அதை மீட்டேன். அன்றே என்னைப் பணியில் உறுதிப்படுத்தினார்கள்.

மாவட்டத்துப் பள்ளிக் கணினிகளுக்கென லினக்ஸ் இயங்குதளத்தின் தனிப் பதிப்பு ஒன்றைத் தயாரித்து அனுப்புவது எங்கள் பணி. அதில் உள்ள ஒவ்வொரு செயலியும் ஒரு பொதி. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு குறிப்பேடு உண்டு. அதில் பெயர், பொறுப்பாளர், விளக்கம் ஆகியவற்றோடு 'சார்புகள்' என்றொரு வரி இருக்கும். இந்தப் பொதி இயங்க வேறு எந்தெந்தப் பொதிகள் வேண்டும் என்பதை அந்த வரி சொல்லும். ஓவியச் செயலியைக் கேட்டால் படங்களைத் திறக்கும் பொதி உடன் வரும். அது வண்ணங்களைக் கணக்கிடும் பொதியைக் கைப்பிடித்து அழைத்து வரும். அதன் பின்னால் இன்னும் நான்கு. பெண் பார்க்க இருவரை அழைத்தால் இரண்டு வண்டி நிறைய உறவினர் வந்து இறங்குவது போன்ற ஏற்பாடு.

வந்தவர்களை இயங்குதளம் இரு வகையாகக் குறித்துக்கொள்ளும்: கேட்டு அழைத்தவர், உடன் வந்தவர். அழைக்கப்பட்டவர் கிளம்பிவிட்டால், அவரோடு வந்தவர்களை வேறு யாரும் வேண்டியிராத பட்சத்தில், அவர்களையும் அது வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிடும். தேவையற்றது தேங்காதிருக்கச் செய்த நல்ல விதி. இந்த விதிதான் பின்னர் என்னைப் பிடித்துக் கொடுத்தது.

எங்கள் தலைவர் சடகோபன் சார். அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் திருமலைக் கோயிலில் பாராயணக் கைங்கரியம் செய்வது. தமையனார் அங்கே பாசுரம் ஓதும் கோஷ்டியில் நிற்க, இவர் இங்கே கணினிகளிடம் வந்து சேர்ந்தார். வரும்போது கோஷ்டியையும் கொண்டு வந்துவிட்டார். எந்தப் பொதி வெளியே போவதானாலும் அதன் சார்புகளை உரக்கப் படித்தாக வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. 'வாசிப்பு' என்று அதற்குப் பெயர்.

வாசிப்பு அறைக்கு வெளியே செருப்பை விட வேண்டும். கீழே விரித்த ஜமக்காளத்தில் இரண்டு வரிசைகள் எதிரெதிரே அமர வேண்டும். ஒரு வரிசை சார்பின் பெயரைச் சொல்லும். எதிர் வரிசையில் இருக்கும் பொறுப்பாளர் அதன் காரணத்தைச் சொல்லுவார். சார் நடுவே, நெற்றியில் திருமண்காப்பு பளிச்சிட, கண்களை மூடியபடி அமர்ந்திருப்பார். காரணம் சரியென்றால் தலை ஒரு நெல்லளவு அசையும். தவறென்றால் கண் திறக்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கண் திறப்பதே போதும். மூத்த பொறியாளர்களும் அக்கணத்தில் வேட்டி நுனியைச் சரிசெய்யத் தொடங்குவார்கள்.

அந்த முறையில் ஒரு பலவீனம் இருந்தது. நாற்பது உண்மைகளை ஒரே இராகத்தில் சொல்லிக்கொண்டு வரும்போது நாற்பத்தொன்றாவதாக ஒரு பொய்யும் அதே இராகத்தில் போய்விடும். அதைக் கண்டுபிடித்தவள் நான்.

எங்கள் பதிப்பில் தெலுங்கும் ஆங்கிலமும் இருந்தன. தமிழ் இல்லை. குடிபாலாப் பக்கத்திலும் நாகலாபுரத்துப் பக்கத்திலும் ராமகுப்பத்துப் பக்கத்திலும் தமிழில் படிக்கும் பிள்ளைகள் இருந்தனர். அடிப்படைப் பட்டியலில் ஒரு மொழியைச் சேர்ப்பதற்கு மேலிடக் குழுவின் அனுமதி வேண்டும். கோப்பு மூன்று முறை போயிற்று. மூன்று முறையும் அழகாக நூலால் கட்டப்பட்டுத் திரும்பி வந்தது. மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. நான்காம் முறை அனுப்ப எனக்குப் பொறுமையில்லை.

அப்போது விளையாட்டுச் செயலிகள் என் பொறுப்பில் இருந்தன. அவற்றுள் ஒன்று தனியாள் சீட்டாட்டம். அடிப்படைப் பட்டியலில் அதற்கு ஏற்கெனவே அனுமதி உண்டு. பள்ளிக் கணினியில் சீட்டாட்டம் எதற்கு என்று எந்தக் குழுவும் கேட்டதில்லை. சார்புகளுக்கோ குழுவின் அனுமதி தேவையில்லை. செயலிக்கு வேண்டியது தானாக உடன் வரும். சீட்டாட்டத்தின் சார்பு வரியில், தமிழ் எழுத்துருவையும் விசைப்பலகையையும் கொண்ட பொதியின் பெயரை ஒரு காற்புள்ளிக்குப் பின் சேர்த்தேன். மனச்சான்றைச் சமாதானப்படுத்த ஆட்ட விதிகளைத் தமிழாக்கினேன். இஸ்பேட்டுக்கு நல்ல தமிழ்ச்சொல் தேடி இரண்டு நாள் செலவழித்து, இறுதியில் இஸ்பேடு என்றே எழுதினேன்.

வாசிப்பு நாளில் அந்தப் பெயர் வந்தது.

"எதுக்கு?" என்றார் சார், கண்களை மூடியபடி.

"சீட்டுல எழுத்து காட்டறதுக்கு சார்."

கண் திறந்தது. என்னைப் பார்த்தது. இஸ்பேட்டுக்கு நான் பட்ட பாடு என் முகத்தில் உண்மையாகவே தெரிந்திருக்க வேண்டும். கண் மூடிக்கொண்டது.

அவ்வளவுதான். அடுத்த பதிப்பில் மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் சீட்டாட்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழ் போயிற்று. கேட்காமலே வந்த தமிழை எல்லைப் பள்ளிகள் எடுத்துக்கொண்டன. ஆசிரியர்கள் வினாத்தாள் அடித்தார்கள். பிள்ளைகள் தம் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்து அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். ஆண்டுகள் சென்றன. நான் செய்தது பொய் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

பிறகு ஓர் உத்தரவு வந்தது. பள்ளிகளில் ஆசிரியர்கள் சீட்டாடுகிறார்கள். எல்லாக் கணினிகளிலிருந்தும் சீட்டாட்டத்தை உடனே நீக்குக.

நீக்கினேன். நானே நீக்கினேன் என்பதுதான் இக்கதையின் சிறப்பு. முறைப்படி அலுவலகச் சோதனைக் கணினியில் முதலில் நீக்கிப் பார்த்தேன்; ஒரு குறையும் இல்லை. ஏனெனில் அந்தக் கணினியில் தமிழை நான் என் தேவைக்காகத் தனியே கேட்டு நிறுவியிருந்தேன். அங்கே அது அழைக்கப்பட்ட விருந்தாளி. பள்ளிகளிலோ அது சீட்டாட்டத்தோடு உடன் வந்தது. வெள்ளிக்கிழமை நண்பகல் புதுப்பிப்பு போயிற்று. சீட்டாட்டம் வெளியேறியது. விதி தன் கடமையைச் செய்தது.

சனிக்கிழமை காலை தொலைபேசி வந்தது. குடிபாலாவை அடுத்த ஒரு சிற்றூர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் ஏழுமலை.

"மேடம், ஒரு சந்தேகம். கேட்டா சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க சார்."

"சீட்டாட்டத்துக்கும் தமிழுக்கும் இன்னா சம்பந்தம்?"

நின்றுகொண்டிருந்தவள் உட்கார்ந்தேன்.

"நேத்து உங்க அப்டேட் வந்துச்சி. பின்னாடியே ரோடு போடற ஜேசிபி வந்து நெட் கம்பியை அறுத்துட்டு பூட்ச்சி. அது கெடக்கட்டும். அப்டேட்ல சீட்டு பூட்ச்சி. சந்தோசம், எங்க சோசியல் சார் இப்பதான் கிளாசுக்குப் போறாரு. ஆனா தமிழ்ல எத்தைத் தொறந்தாலும் கட்டம் கட்டமா கீது. அவரு பெரிய மனசு பண்ணி, வூட்ல வெச்சிகினு இருந்த உங்க பழைய சிடியிலேர்ந்து ஒரு மெசின்ல சீட்டைத் திரும்பப் போட்டாரு. தமிழ் வந்துட்ச்சி. எட்த்தோம், பூட்ச்சி. போட்டோம், வந்துட்ச்சி. நாலு வாட்டி செக் பண்ணிட்டோம்."

"அஞ்சாவது வாட்டி?"

"அஞ்சாவது வாட்டி அவரு ஒரு ஆட்டம் ஆடிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது; அவர் குரலில் சிரிப்பு இல்லை. திங்கட்கிழமை பத்தாம் வகுப்புக்குக் கணக்கில் கடைசி முன்தேர்வு. அவ்வாண்டு முதன்முறையாகக் கணினித் திரையில் எழுத வேண்டும். மூன்று எல்லைப் பள்ளிகளுக்கும் தமிழ் வினாத்தாளை அடித்தவர் அவரே. தேர்வன்று ஓர் அதிகாரி நேரில் வந்து அமர்வார்; திரையைப் பார்ப்பார்; சீட்டாட்டம் நீங்கியதா என்றும் பார்ப்பார்.

"சீட்டு இருந்தா சோசியல் சாருக்கு சஸ்பென்ஷன். அவருக்கு ஏற்கெனவே ஒரு மெமோ கீது. சீட்டு இல்லேன்னா தமிழ் லேது. தமிழ் லேதுன்னா, பசங்களைத் தெலுங்குப் பேப்பர்லயே எழுத வைன்னு சொல்லிட்டாங்க. பேசுவாங்க மேடம், தெலுங்கு நல்லாவே பேசுவாங்க. கணக்கைப் படிச்சிப் புரிஞ்சிக்கறதுன்னா எழுத்துக் கூட்டணும். அது போனாப் போவுது. ஒரு வாட்டி தெலுங்குல எழுதிட்டாங்கன்னு வையி, அடுத்த வருசம் தமிழ்ப் பேப்பர் எதுக்குன்னு கேப்பாங்க. நான் இன்னா பதில் சொல்லட்டும்?"

மேடம் என்று தொடங்கியவர் 'வையி' என்று ஊர்ப் பேச்சுக்கு இறங்கிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. செய்கிறேன் சார் என்று மட்டும் கூறி வைத்தேன்.

என் எதிர் மேசையில் முனிரத்தினம். ராமகுப்பத்துக்காரர், பட்டுப்புழு வளர்க்கும் குடும்பம். என்னைவிட இளையவர்; அந்த அலுவலகத்தில் என் பொய்யை முன்பே அறிந்திருந்த ஒரே மனிதர்.

"இன்னாக்கா மூஞ்சி வெளுத்துப் பூட்ச்சி?"

சொன்னேன். அவர் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று அஞ்சினேன்.

"சீட்டுக்கு அடியில வெச்சதை வேற ஒண்ணுக்கு அடியில வெச்சிடு, அவ்ளோதான்," என்றார் நிமிர்ந்து, கண்ணைத் துடைத்தபடி. "கடியாரம் கீதே, அத்தை எவன் எடுக்கச் சொல்லுவான்?"

"கணிப்பானுக்குக் கீழ வெச்சா இன்னும் பொருத்தமா இருக்காதா? தேர்வே கணக்குத்தான்."

"கால்குலேட்டர் வேணாம்க்கா," என்றார் அவசரமாக. "அதுல எடமில்ல."

சார்பு வரியில் இடமில்லாமற் போவதாவது என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. கடிகாரத்தின் குறிப்பேட்டைத் திறந்து, காற்புள்ளியிட்டு, தமிழ்ப் பொதியின் பெயரைச் சேர்த்தேன். இரண்டாம் பொய் முதற்பொய்யைவிட விரைவாகக் கைக்கு வந்தது. சடகோபன் சாரிடம் போய், கடிகாரத்தில் ஒரு சிறு திருத்தம், இன்றே அனுப்ப வேண்டும் என்றேன்.

"சனிக்கிழமையில கடிகாரத்துக்கு என்னம்மா அவசரம்?" என்றார். "சரி, வா. வாசிச்சுடலாம்."

எங்கள் அலுவலகம் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அன்று கீழே முகூர்த்தம். நாகசுவரம் படியேறி வந்து வாசிப்பு அறைக்குள் எங்களோடு அமர்ந்துகொண்டது. செருப்பை வெளியே விட்டோம். இரண்டு வரிசையும் சாரும் சேர்த்து அன்று நாங்கள் மூவரே. முனிரத்தினம் எதிரே அமர்ந்து பெயர்களைப் படித்தார்; நான் காரணம் சொன்னேன்; சார் கண்களை மூடியிருந்தார்.

"எழுத்து வரையும் நூலகம்."

"எண்களைக் காட்டறதுக்கு."

"ஒலி நூலகம்."

"மணி அடிக்கறதுக்கு."

"நேர மண்டலப் பட்டியல்."

"எந்த ஊர் நேரம்னு தெரிஞ்சுக்கறதுக்கு."

"தமிழ் எழுத்துப் பொதி," என்று முனிரத்தினம், மற்ற மூன்றைப் போலவே, கொஞ்சமும் பிசகாத இராகத்தில் சொன்னார்.

நான் வாய் திறந்தேன். சொல்ல வேண்டிய பொய்யை மனத்துள் ஒத்திகை பார்த்திருந்தேன்: மணியைத் தமிழில் காட்டுவதற்கு. மூன்றே சொற்கள், இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் தலைமையாசிரியர் கேட்ட கேள்வி காதில் நின்றது. நாளையே கடிகாரத்தை நீக்கச் சொல்லி இன்னோர் உத்தரவு வந்தால், அந்தப் பிள்ளைகள் மறுபடி கட்டங்களைப் பார்ப்பார்கள். கடிகாரம் இருக்கும்வரை தமிழ் இருக்கும் என்று ஏழுமலையிடம் நான் சொல்ல முடியுமா?

"எதுக்கு?" என்றார் சார்.

"அது கடிகாரத்துக்குத் தேவையில்லை சார்."

கீழே கெட்டிமேளம் எழுந்தது. தவிலும் நாகசுவரமும் தாலிகட்டும் நேரத்துக்கே உரிய வேகத்தில் முழங்க, நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

"என்னம்மா? கேக்கலை."

"தேவையில்லைன்னு சொன்னேன் சார்."

"என்ன?"

அடிவயிற்றிலிருந்து குரலெடுத்தேன். "சீட்டாட்டத்துல தமிழை ஒளிச்சு வெச்சது நான்தான் சார்." 'சீட்டாட்டத்துல' என்றபோதே தாலி கட்டி முடிந்து மேளம் சட்டென்று நின்றது. எஞ்சிய வாக்குமூலம் முழுவதும் அந்த நிசப்தத்தில் ஒலித்தது. கீழே பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து மாடியைப் பார்த்தாராம். பின்னர் அவரே முனிரத்தினத்திடம் விசாரித்தார்.

சாரின் இரு கண்களும் திறந்திருந்தன. நான் அனைத்தையும் சொன்னேன்: கோப்பு மூன்று முறை திரும்பியது, காற்புள்ளி, இஸ்பேடு, சோதனைக் கணினி, குடிபாலா, திங்கட்கிழமை. சொல்லி முடித்ததும், வேலை போனாலும் போகட்டும் என்றொரு விசித்திரமான உற்சாகம் உடலெங்கும் பரவியது. சிரித்துவிடுவேனோ என்று பயந்து ஜமக்காளத்தின் கோடுகளை எண்ணினேன்.

"அன்னிக்குச் சீட்டாடறதுக்குத் தமிழ் வேணும்னே," என்றார் அவர் மெதுவாக. "இன்னிக்கு மணி பாக்கறதுக்கும் வேணுமோ?"

"இல்லை சார்."

"வேற யாருக்கு வேணும்?"

"மூணு பள்ளிப் பசங்களுக்கு சார்."

"அப்போ அதைச் சொல்றதுக்கு என்ன கேடு? சீட்டுக்கும் கடிகாரத்துக்கும் பின்னாடி ஏன் நிக்க வைக்கறே அவாளை?" அவர் பார்வை எதிர் வரிசைக்குத் திரும்பியது. "இந்த மாதிரி வேற ஏதாவது இருக்கா?"

அவர் பொதுவாகத்தான் கேட்டார். ஆனால் முனிரத்தினத்தின் நெற்றி வியர்த்திருந்தது.

"கால்குலேட்டர்ல ஒண்ணு கீது சார்."

"என்ன ஒண்ணு?"

"பட்டுப்புழுவுக்கு எத்தினி நாள் எத்தினி தழை போடணும்னு கணக்குப் பார்க்கற சின்ன ப்ரோக்ராம் சார். நானே எழுதனது."

"அது கணிப்பானுக்கு அவசியமா?"

"எங்க ஊர்ல அவசியம் சார்."

சடகோபன் சார் மேல்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டு அசைந்தது. துண்டை எடுத்தபோது அந்த முகத்தில் சினத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் திருமண்காப்பு ஒரு பக்கம் கலைந்திருந்தது.

அதன் பிறகு அவர் செய்ததைத்தான் இளையவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். உத்தரவின் நகலைக் கொண்டுவரச் சொன்னார். அதை இருமுறை படித்தார்.

"சீட்டாட்டத்தை எடுன்னு போட்டிருக்கான். தமிழை எடுன்னு எங்கேயும் போடலை. இத்தனை வருஷம் அங்கே இருந்ததை, யாரும் சொல்லாம நாம எடுத்துட்டோம். நாம எடுத்ததை நாமே திருப்பி வைக்கறது ரிப்பேர். ரிப்பேருக்கு நான் கையெழுத்துப் போட்டாப் போதும். தனிப் பொதியாப் பண்ணு. அதுக்கு ஒரு பேர் வை. எதுக்குன்னு விளக்கத்துல எழுது. யாரோடவும் உடன் வந்ததா இருக்கக் கூடாது. கேட்டு வாங்கினதாப் பதிவாகணும்."

"மேலிடத்துல கேட்டா சார்?"

"கேக்கட்டும். மூணு தரம் அனுப்பின கோப்புல அவா என்ன நினைக்கறான்னு இன்னும் தெரியாது. இப்பவாவது தெரியுமே."

பொதியைக் கட்டினோம். எழுத்துரு, விசைப்பலகை, எழுத்துகளைக் கோத்துக் காட்டும் நூலகம் ஆகிய மூன்றும் சார்புகள். மூன்றையும் வாசித்தோம். மூன்றுக்கும் நான் சொன்ன காரணங்கள் என் பணிக்காலத்தில் நான் சொன்னவற்றுள் மிகச் சுருக்கமானவை. மூன்று முறையும் தலை நெல்லளவு அசைந்தது. முடிந்ததென்று எழுந்தேன்.

"உக்காரு. மாற்றக் குறிப்பு யார் எழுதுவா? நான் சொல்றேன், எழுது." அவர் சொன்னார்; நான் எழுதினேன். பொய் என்ற சொல்லுக்குப் பதிலாகப் 'பொருத்தமற்றது' என்று போடலாமா என்று கேட்டேன். கண் திறந்தே இருந்தது. பொய் என்றே எழுதினேன்.

மாலைக்குள் நாகலாபுரத்துப் பக்கமும் ராமகுப்பத்துப் பக்கமும் இணைப்பு வழியே பொதி போய்ச் சேர்ந்தது. இரண்டு பள்ளிகளிலிருந்தும் எழுத்து தெரிகிறது என்று செய்தி வந்தது. குடிபாலாவில் கம்பி இன்னும் அறுந்தே கிடந்தது. "ஒளிச்சு வெச்சவ கையாலேயே கொண்டு போய்க் கொடு" என்று சார் ஒரே பொதியை இரண்டு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். ஒன்று தொலைந்தால் மற்றொன்று உதவும் என்பதற்காக, ஒன்றை என்னிடமும் மற்றொன்றை முனிரத்தினத்திடமும் தந்து, பேருந்தில் இருவரும் வெவ்வேறு இருக்கையில் அமர வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பள்ளியை அடைந்தோம். தேர்வுக்கு முந்திய நாளாதலால் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நாங்கள் கணினி அறைக்குள் நுழைந்ததும் வகுப்பு முழுவதும் சன்னலுக்கு வந்துவிட்டது. ஏழுமலை சார் நான் நினைத்ததைவிட உயரமாகவும், நான் நினைத்ததைவிடக் களைத்தும் இருந்தார். அருகே பொறுப்பான முகத்தோடு நின்றவர்தான் சமூக அறிவியல் ஆசிரியர் என்று பார்த்ததும் தெரிந்தது.

"வாம்மா. நம்மூர்ப் பக்கத்துப் பொண்ணாமே நீ. சாப்ட்டியா?"

"முதல்ல இதைப் பாத்துடலாம் சார்."

முதற்கணினியில் வினாத்தாளைத் திறந்தார். திரை நிறையக் கட்டங்கள். நடுநடுவே எண்கள் மட்டும் பிழைத்திருந்தன. சீட்டாட்டம் இல்லை என்பதை முனிரத்தினம் பட்டியலைத் திறந்து அனைவருக்கும் காட்டினார். சமூக அறிவியல் ஆசிரியர் அருகே வந்து தாமும் சரிபார்த்துக்கொண்டார். பென்டிரைவைச் செருகினேன். பொதியின் பெயரை என் கையாலேயே அடித்து அழைத்தேன். உடன் வர வேண்டிய மூன்றும் வரிசையாக இறங்கின. வினாத்தாளை மூடித் திறக்கச் சொன்னேன்.

கட்டங்கள் இல்லை. தலைப்பிலிருந்து அடிக்குறிப்பு வரை, கொம்பும் காலும் புள்ளியும் சுழியும் தத்தம் இடத்தில் நிற்க, பக்கம் முழுவதும் தமிழ் இருந்தது. ஏழுமலை சார் திரையை நெருங்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். பிறகு, எழுத்துகளெல்லாம் சரியாக வந்துள்ளனவா என்று சோதிப்பவராய், முதற் கேள்வியை வகுப்பறைக் குரலில் முழுமையாகப் படித்தார்.

"ஒரு கூம்பின் ஆரம் ஏழு சென்டிமீட்டர், உயரம் இருபத்து நான்கு சென்டிமீட்டர் எனில், அதன் வளைபரப்பைக் காண்க."

சன்னலிலிருந்து ஒரே குரலாய்ப் பெரும் முனகல் எழுந்தது. தெலுங்குத் தாள் பற்றிய செய்தி எட்டாமல், தேர்வே நடக்காது என்று இரண்டு நாளாக மகிழ்ந்திருந்த ஒரு வகுப்பின் முனகல் அது. நெற்றியில் அடித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஒருவன் சுவரில் சரிந்து கீழேயே உட்கார்ந்துவிட்டான்.

"கேட்டியாம்மா," என்றார் ஏழுமலை சார், முகமெல்லாம் மலர. "படிச்ச ஒடனே புரிஞ்சிட்ச்சி பார், அத்தினி பேருக்கும்."

"சார்," என்றாள் சன்னல் கம்பியைப் பிடித்திருந்த ஒரு பெண். "அந்தக் கேள்வி எங்களுக்குக் கேட்டுட்ச்சி. நாளைக்கி அதேதான் வருமா?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து அமர்ந்து, இடக்கையால் திரையைச் சன்னலுக்கு மறைத்துக்கொண்டு, கூம்பை அழித்துவிட்டு, வலக்கையின் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகப் புதிய கேள்வியொன்றை அடிக்கத் தொடங்கினார்.